கைகள் இல்லாத பேரடை: பட்டை வில்லைப் பேரடையின் அமைப்பும் இயல்பும்

மாணவர்களே, விண்மீன் பேரடைகள் எத்தனை வகை என்று கேட்டால் சுருள், நீள்வட்டம், ஒழுங்கற்றது என்று மூன்றைச் சொல்வீர்கள். சரிதான். ஆனால், சுருளுக்கும் நீள்வட்டத்துக்கும் இடையில் இன்னொரு வகையும் இருக்கு. அதுதான் வில்லைப் பேரடை. எட்வின் ஹப்பிள் 1936இல் வெளியிட்ட நூலில் இதற்கு ‘எஸ்0’ என்று குறியீடு தந்தார். நடுவே பட்டை இருந்தால் ‘எஸ்பி0’ என்பார்கள்.

பெயர்க் காரணம்
பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்திருக்கும். மைசூர்ப் பருப்பை நினைச்சுக்கோங்க! ‘லென்ஸ்’ என்பதே லத்தீன் மொழியில் அந்தப் பருப்பின் பெயர்தான்.

மூன்று பகுதிகள்
1. மையப் புடைப்பு: வயதான விண்மீன்கள் நெருக்கமாகத் திரண்ட இடம்.
2. பட்டை: புடைப்பின் இரு பக்கமும் நீளும். இது கம்பி போன்ற திடப்பொருள் அல்ல. விண்மீன்களின் நீண்ட சுற்றுப்பாதைகள் ஒரே திசையில் அமைவதால் பட்டையாகத் தெரிகிறது.
3. தட்டு: சுற்றிலும் பரந்திருக்கும்; சுருள் கைகள் இருக்காது.

ஏன் கைகள் இல்லை?
குளிர்ந்த வாயுவிலிருந்துதான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அந்த இளம் நீல விண்மீன்களே சுருள் கைகளை ஒளிரச் செய்கின்றன. வில்லைப் பேரடையில் இந்த வாயு மிகக் குறைவு. சிலவற்றில் அது செலவாகியிருக்கலாம். பேரடைக் கூட்டத்திலுள்ள சூடான வாயு ஊடே செல்லும்போது சிலவற்றில் உரித்தெடுக்கப்பட்டிருக்கலாம். எஞ்சியவை பெரும்பாலும் முதிய விண்மீன்கள். அதனால் மஞ்சள், சிவப்புச் சாயல் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு
என்ஜிசி 936. வில்லியம் ஹெர்ஷல் 1785இல் கண்டறிந்தார். சீட்டஸ் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், நம் வட்டாரத்தில் ஏறக்குறைய தலைக்கு மேலே கடந்து செல்லும். பார்க்கத் தொலைநோக்கி வேண்டும்.

தேர்வில் கவனம்
“கைகள் இல்லை, ஆகவே நீள்வட்டம்” என்று எழுதிவிடாதீங்க. ஒன்று இல்லை என்பதை மட்டும் வைத்து வகைப்படுத்த முடியாது. தட்டு உண்டா, கைகள் உண்டா, பட்டை உண்டா என மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

பயிற்சி: “வில்லைப் பேரடையில் புதிய விண்மீன்கள் அரிதாகவே பிறக்கின்றன. ஏன்?” ‘வாயு குறைவு’ என்பது பாதி விடைதான். விண்மீன் பிறக்க அந்த வாயு ஏன் தேவை என்பதையும் சேர்த்தால்தான் காரணம் முழுமை பெறும்.