டிராக்டருக்கு ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு?

டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். நாற்பது ஏக்கர் மானாவாரி நிலத்தை அவர்தான் நின்று பார்த்துக்கொள்கிறார். பாதி சொந்தம், பாதி குத்தகை. மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பகுதி, ஓரமாகக் கொஞ்சம் குதிரைவாலி. பதினைந்து வருடப் பழைய டிராக்டர் ஒன்று, அதற்கு ஒரு டிரைவர். களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் ஊர்ப் பெண்கள் வருகிறார்கள். அவருடைய சந்தேகம் இதுதான்: “டிரைவர் ஆறு மணி நேரம் காட்டில் ஓட்டினேன் என்கிறார். மீட்டரில் ஐந்துதான் ஏறியிருக்கிறது. அதே ஆள் மூட்டை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போய்வந்த அன்று, மூன்று மணி நேரம் ஓடியது என்றார்; மீட்டர் நான்கு என்றது. பொய் சொல்வது டிரைவரா, மீட்டரா?”

இரண்டு பேரும் இல்லை அம்மா. கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். டிராக்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் அந்த மீட்டர்தான். அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

சட்டிக் கலப்பைக்கும் ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் என்ன வித்தியாசம், ரோட்டவேட்டரை எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் கரிசல்காட்டு ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தட்டுக்கு வருவோம். அதில் ஒரு முள், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும். முள்ளுக்குக் கீழே சின்ன ஜன்னலில் எண்கள் உருளும். கடைசி எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும், அது மணியில் பத்தில் ஒரு பங்கு. இந்த எண்களை நகர்த்துவது கடிகார இயந்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய வண்டிகளில் உள்ளே கடிகாரமே கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. கறுப்பு உறைக்குள் முறுக்குக் கம்பி. எஞ்சின் சுற்றினால் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் பல்சக்கரங்கள் வழியாக எண்கள் உருளும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் அது எண்ணுவது நேரத்தை அல்ல, சுற்றுகளை. இத்தனை சுற்று ஆனால் ஒரு மணி என்று தொழிற்சாலையில் ஒரு வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பல்சக்கரத்தை அமைத்துவிடுகிறார்கள். 1500 சுற்று என்று வைத்துக்கொள்வோம் (மாடலுக்கு மாடல் இது மாறும்). முள் 1500-இல் நின்றால் மீட்டர் மணியும் கைக்கடிகார மணியும் ஒன்றாகப் போகும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து 750-இல் விட்டால், இரண்டு மணி நேரம் ஓடினாலும் மீட்டருக்கு ஒரு மணிதான். 2000-க்கு ஏற்றினால் முக்கால் மணி நேரத்திலேயே அதற்கு ஒரு மணி முடிந்துவிடும். எங்கள் வீட்டில் முன்பு இருந்த கரண்ட் மீட்டரில் சிவப்புக் கோடு போட்ட அலுமினியத் தட்டு ஒன்று சுற்றும். ஒற்றை பல்பு எரிந்தால் ஊர்ந்து போகும், அம்மா கிரைண்டரைப் போட்டால் கோடு கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். டிராக்டர் மீட்டரும் அந்த ஜாதி.

இப்போது டிரைவரின் கணக்கைப் பாருங்கள். நான்கு மணி நேரம் 1500-இல் உழுதிருக்கிறார், மீட்டரில் நான்கு. மீதி இரண்டு மணி நேரம் வண்டி ஓடிக்கொண்டே நின்றிருக்கிறது, மீட்டரில் ஒன்று. ஆக ஐந்து. திருமங்கலம் போன அன்று ரோட்டில் 2000-இல் மூன்று மணி நேரம், மீட்டரில் நான்கு. ஆள் சொன்னதும் சரி, மீட்டர் சொன்னதும் சரி.

அந்த இரண்டு மணி நேரம் வண்டி ஏன் ஓடிக்கொண்டே நின்றது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விதை மூட்டை வர நேரமாகியிருக்கலாம். கலப்பைக் கொழு தேய்ந்து போல்ட்டு மாற்றியிருக்கலாம். என் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் பேட்டரி. பேட்டரி செத்துப்போய் மாதக்கணக்கில் மாற்றாமல் கிடக்கும். அணைத்தால் மறுபடி நாலு பேர் தள்ள வேண்டும், காட்டுக்கு நடுவில் நாலு பேருக்கு எங்கே போவது? டிரைவர் டீ குடிக்கப் போகும்போதும் அணைக்காமலே போகிறார். பேட்டரிக் காசை மிச்சம் பிடித்தவர் முதலாளி, டீசலைக் கொட்டினான் என்ற பெயர் மட்டும் டிரைவருக்கு.

வேண்டுமென்றே எதற்கு இப்படி இழுபடுகிற மணியை வைத்தார்கள்? எஞ்சினுக்கு வயதாவது நேரத்தால் அல்ல, உழைப்பால். பிஸ்டன் எத்தனை முறை ஏறி இறங்கியது, பேரிங் எத்தனை முறை சுழன்றது என்பதுதான் அதன் வயது. அதற்குச் சுற்றுக் கணக்கே நியாயமான கணக்கு. காரில் கிலோமீட்டரைப் பார்க்கிறோம். டிராக்டர் ஒரே காட்டுக்குள் நாளெல்லாம் சுற்றிவிட்டு அந்தியில் புறப்பட்ட இடத்துக்கே வருகிற வண்டி. கிலோமீட்டர் பார்த்து என்ன தெரியும்? அதனால்தான் கையேட்டில் எல்லாமே மணியில் இருக்கிறது. புது வண்டிக்கு முதல் சர்வீஸ் 50 மணியில், எஞ்சின் ஆயில் பல மாடல்களில் 250 மணிக்கு ஒருமுறை. புதிதாக வரும் வண்டிகள் பலவற்றில் மின்னணு மீட்டர் வந்துவிட்டது. அது எஞ்சின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணும். ஆனால் நம் காடுகளில் இன்னும் கேபிள் வண்டிகள் ஏராளம்.

அவற்றில் எத்தனையில் மீட்டர் ஓடுகிறது என்று கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பழைய டிராக்டர் விற்பனைக்கு நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கேபிள் அறுந்து தொங்கும், அல்லது இருக்கவே இருக்காது. ‘எத்தனை மணி ஓடியிருக்கு?’ என்று கேட்டால், ‘மீட்டர் ஓடலை அண்ணே, ஆனா வண்டி சும்மா கிண்ணுனு இருக்கு’ என்பார்கள். கேபிள் அறுந்த நாளிலிருந்து ஆயில் மாற்றுவது குத்துமதிப்பாகிறது. போன பொங்கலுக்கு மாற்றினோம், அடுத்த பொங்கலுக்கு மாற்றுவோம். நல்ல மழை பெய்த வருடம் அதே வண்டி இரண்டு மடங்கு உழைத்திருக்கும் என்பது பொங்கலுக்குத் தெரியுமா?

கரிசல் மண்ணில் இன்னொரு வம்பும் உண்டு. புழுதி. பழைய வண்டிகளில் காற்று வடிகட்டியின் அடியில் ஆயில் ஊற்றிய கிண்ணம் ஒன்று இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று அந்த ஆயிலில் மோதித் தூசியை அங்கே விட்டுவிட்டு உள்ளே போகும். கோடை உழவு உழுத அன்று சாயங்காலம் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மேலே தேன் நிறத்தில் ஆயில் இருக்கும். விரலை விட்டால் அடியில் விரல் கனத்துக்குக் களிபோல வண்டல் தட்டுப்படும். அதைக் கொட்டி, டீசலில் கழுவி, குறிப்பிட்ட கோடு வரை புது ஆயில் ஊற்ற ஐந்து நிமிடம் போதும். செய்யாமல் விட்டால் அந்த மண்ணெல்லாம் சிலிண்டருக்குப் போகும். அப்புறம் ‘வண்டி புகை தள்ளுது’ என்று மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதுதான். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி எடுக்கிறோம், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், ஒரு கிண்ணம் ஆயில் ஊற்ற மனசு வருவதில்லை.

நாற்பது ஏக்கருக்கு ஒரு வண்டி போதுமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். கலப்பையின் அகலம் இரண்டு மீட்டர், வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால், கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 10,000 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். வரப்பில் திரும்புவதும், ஓட்டிய சாலின் மேலேயே மறுபடி கொஞ்சம் ஏறி ஓட்டுவதும் சேர்ந்து கால்வாசியைத் தின்றுவிடும். ஏக்கர் ஒன்றே முக்காலோ கொஞ்சம் மேலோ தேறும். நாற்பது ஏக்கரை ஒரு உழவு உழ இருபத்திரண்டு மணி நேரம், எட்டு மணி நேர வேலையென்றால் மூன்று நாள். காகிதத்தில் ஒரு வண்டி தாராளம்.

காட்டில்தான் சிக்கல். கரிசல் ஈரமாக இருந்தால் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை விடாது. காய்ந்துவிட்டால் பாளம் பாளமாக வெடித்துக் கலப்பையை ஏறவிடாது. நடுவில் பதம் என்று சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஊரில் எல்லாருக்கும் வண்டி வேண்டும், எல்லாக் களையெடுப்புக்கும் அதே பெண்கள் வேண்டும். வாடகை வண்டிக்காரர் ‘நாளைக்கு வர்றேன்’ என்பார், அந்த நாளை வருவதற்குள் பதம் போய்விடும். பதம் தப்பி ஈரத்தில் வண்டியை இறக்கினால் டயர் போன தடத்தில் மண் இறுகிப்போகும். அடுத்த மழைத் தண்ணீர் அங்கே இறங்காது. இப்போது எதற்கெடுத்தாலும் ரோட்டவேட்டர் போடுகிற பழக்கம் வேறு வந்திருக்கிறது. மேல்மண் மாவாகப் பொடிகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கீழே கலப்பை படாத ஆழத்தில் தரை போட்டது போல ஓர் இறுகிய அடுக்கு உட்கார்ந்துவிடுகிறது. அதை உடைக்கத்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறார்கள். எத்தனை பேர் கேட்கிறோம்?

விதைப்பை இழுத்துக்கொண்டே போனால் வேறு தண்டனையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018-இல் இந்தியாவுக்குள் வந்தது. அந்தப் பட்டத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் குருத்துக் குருத்தாகப் புகுந்து தின்றது. ஒரே வட்டாரத்தில் முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் அடுத்தடுத்து நின்றால், பெரிய பயிரில் வளர்ந்த அந்துப்பூச்சி சின்னப் பயிரில் முட்டை வைக்கும். அதனால்தான் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாரும் கூடுமானவரை ஒரே சமயத்தில் விதைக்கச் சொல்கிறார்கள். ஒரு பேட்டரி செத்ததால் விதைப்பு ஒரு வாரம் தள்ளினால் அந்த நஷ்டம் எந்த மீட்டரிலும் ஏறாது. ஆகவே, அம்மா, ஒரு வண்டி போதும். ஆனால் புரட்டாசி பிறக்கும்போது அது எந்தக் குறையும் இல்லாமல் நிற்க வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் ஆடிக்குள் முடிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிகள் இருக்கின்றன, உழவன் செயலியில் பதியலாம். பதம் வந்த பிறகு பதிந்தால் உங்களுக்கு முன்னால் பலர் வரிசையில் நிற்பார்கள்.

டிரைவர் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மீட்டரை வைத்து ஆளைப் பிடிக்காதீர்கள். அவருக்குச் சம்பளமும் பேட்டாவும் கைக்கடிகாரப்படி. வண்டிக்கு ஆயிலும் கிரீஸும் மீட்டர்ப்படி. காட்டுக்கு ஏக்கர் கணக்கு. ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளந்தால் தினம் சண்டைதான் வரும். மீட்டர் மணிக்குக் கூலி என்று வைத்துப் பாருங்கள். டிரைவர் தேவையில்லாமல் ஆக்ஸிலேட்டரை ஏற்றி வைத்து ஓட்டுவார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

டி. கல்லுப்பட்டி என்றதும் எனக்கு ஜே.சி. குமரப்பா நினைவு வருகிறது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்துவிட்டு வந்து காந்தியிடம் சேர்ந்தார். கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். டிராக்டர் அவருக்கு ஆகாது. பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பு, அதை நம்பி விவசாயத்தை நிறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ நூலின் அடிநாதமே இதுதான். மாடு வைக்கோல் தின்று உழவும் தரும், எருவும் தரும். டிராக்டர் டீசலைக் குடித்துப் புகையைத்தான் தரும். மாட்டை விற்றுவிட்டுத் தொழு எருவுக்கு ஊர் ஊராக அலையும் இன்றைய விவசாயி அதை மறுக்க முடியாது. அதற்காக நாற்பது ஏக்கரையும் பதம் போவதற்குள் ஏர் பூட்டி உழுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை.

ஆனால் தணிக்கையாளர் குமரப்பாவின் வழி நமக்கும் ஆகும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, காலை மீட்டர், மாலை மீட்டர், ஊற்றிய டீசல், எந்தக் காடு, என்ன கலப்பை, எத்தனை ஏக்கர். எழுதுவது டிரைவராகவே இருக்கட்டும், அந்தியில் நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒரு பட்டம் முடிந்ததும் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த எண் திடீரென்று ஏறினால் கொழு தேய்ந்திருக்கிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது டயரில் காற்று சரியில்லை. டீசல் திருட்டு என்று முதலில் நினைக்க வேண்டாம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் மீட்டர் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று சோதித்துவிடுங்கள். பழைய வண்டிகளில் வேறு மாடலின் மீட்டரை வாங்கி மாட்டியிருப்பதும் நடக்கும், அதன் பல்கணக்கு உங்கள் எஞ்சினுக்கு ஒத்துவராது. கையேட்டில் எந்தச் சுற்றுக்கு ஒரு மணி என்று போட்டிருக்கிறதோ, கை ஆக்ஸிலேட்டரை அந்த அளவில் நிறுத்துங்கள். பத்தில் ஒரு பங்கு எண் புரண்டு நேராக நிற்கும் கணத்தில் செல்போனில் நேரத்தை ஓடவிடுங்கள். அந்த எண் மூன்று முறை புரள பதினெட்டு நிமிடம் ஆக வேண்டும். பதினெட்டில் முடிந்தால் நோட்டைத் தொடங்கலாம். பதினைந்திலோ இருபத்திரண்டிலோ முடிந்தால் மீட்டரைக் கழற்றி மாற்றச் சொல்லுங்கள். அதுவரை எழுதிய கணக்கை வைத்து ஆயில் மாற்றாதீர்கள்.