குழாய்க்கு எதற்குத் தொப்பை?

இன்றைக்கு ஒரு வண்டியைப் பற்றிப் பேசுவோம். நான்கு தடித்த டயர்கள், பைக்கில் இருப்பது மாதிரி ஹேண்டில்பார், கட்டைவிரலால் அழுத்துகிற ஆக்சிலேட்டர். ஏடிவி என்பார்கள். அமெரிக்காவில் செல்லமாக ‘குவாட்’. பண்ணை வேலைக்கென்று சாதுவான ரகமும் உண்டு. நமக்கு இன்று வேண்டியது, மணல்மேட்டில் தாவிப் பறக்கிற ஸ்போர்ட் ரகம்.

அதில் யமஹா பான்ஷி என்று ஒரு புகழ்பெற்ற வண்டி, 1987-இல் வந்தது. படம் கிடைத்தால் அதன் புகைக்குழாயைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து ஒல்லியாகக் கிளம்பும். நடுவில் தொப்பை போட்டு உப்பும். மறுபடி ஒல்லியாகும். அதே யமஹா 2004-இல் கொண்டுவந்த ஒய்எஃப்இசட்450 வண்டியில் இப்படித் தொப்பை கிடையாது. முதலாவது டூ-ஸ்ட்ரோக். இரண்டாவது ஃபோர்-ஸ்ட்ரோக்.

“தொப்பை எதற்கு?” என்று அதற்குள் கேட்டுவிட்டீர்களா? சபாஷ்! இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் போதும், எந்த எஞ்சின் வாங்குவது என்று பெரியவர்கள் போடும் சண்டையை நீங்களே தீர்த்துவைக்கலாம்.

எஞ்சினுக்குள் எட்டிப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒருமுறை ஏறினாலோ இறங்கினாலோ அது ஒரு ஸ்ட்ரோக். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்க வேண்டும். அழுத்த வேண்டும். பிளக்கின் பொறியால் எரிக்க வேண்டும். எரிந்த புகையை வெளியே தள்ள வேண்டும். ஆக, வேலை நான்கு.

1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ செய்த எஞ்சின், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்ட்ரோக் கொடுத்தது. அதுதான் ஃபோர்-ஸ்ட்ரோக். கலவை வர ஒரு வால்வு, புகை போக ஒரு வால்வு. அதது தன் நேரத்தில் திறந்து மூடும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோ நான்கு வேலையையும் இரண்டே ஸ்ட்ரோக்கில் முடித்துவிடும். பான்ஷி மாதிரி வண்டிகளில் அந்த வால்வுகளே இல்லை. சிலிண்டரின் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது அவை திறக்கும், ஏறும்போது மூடும்.

புரிகிறதா? சரி, ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் விநாடிக்கு 150. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் கலவை எரியும், 150 முறை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான், 75.

“அப்போ டூ-ஸ்ட்ரோக்குக்கு இரண்டு மடங்கு சக்தியா?” நல்ல ஊகம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கலவை உள்ளே வருகிற ஓட்டையும் புகை வெளியே போகிற ஓட்டையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். புதிதாக வந்த கலவை, புகையோடு சேர்ந்து நழுவிவிடும். எரியாமலே பெட்ரோல் வீண்.

நழுவியதை மறுபடி உள்ளே தள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தொப்பைக் குழாய்!

எப்படி என்று கேளுங்கள். பள்ளிக்கூட மணிக்கு எதிரே, 170 மீட்டர் தள்ளி ஓர் உயரமான சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ‘டங்’ என்று அடித்தால், சுவரில் மோதி 1 விநாடியில் எதிரொலி திரும்பும். விநாடிக்கு ஒருமுறை அடித்தால், எதிரொலியும் அடுத்த அடியும் கச்சிதமாகச் சேர்ந்து ஒலிக்கும். கொஞ்சம் மெதுவாக அடித்தால்? கொஞ்சம் வேகமாக அடித்தால்? இரண்டும் சேராது. அடிக்கிறவருக்காக எதிரொலி காத்திருக்காது, முந்தியும் வராது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு குழாய்க்குள் வாருங்கள். புகை ஓட்டை திறந்ததும் ‘டப்’ என்று ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அதுவும் ஒலி அலைதான். குழாய் அகலமாகும் இடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். அங்கிருந்து திரும்பி வருவது தள்ளும் அலை இல்லை, உறிஞ்சும் அலை! சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை அது இழுத்துவிடும். புதுக் கலவையிலும் கொஞ்சத்தை இழுத்துவிடும்.

மீதி அலை தொப்பையைத் தாண்டி, குழாய் குறுகும் இடத்துக்குப் போய்த் திரும்புகிறது. இது தள்ளும் அலை. வெளியே வந்த கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் திணிக்கும். உடனே பிஸ்டன் ஏறி ஓட்டையை மூடிவிடும். 9,000 சுற்றில் இத்தனையும் நடந்து முடிய ஒரு விநாடியில் ஏறக்குறைய 300-இல் ஒரு பங்கு நேரம்தான்! எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இந்த வித்தையில் கரைகண்டவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பொறியாளர். 1950-களில் அவர் வண்டிகள் பந்தயங்களைக் கலக்கின. அவரிடம் வண்டி ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-இல் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது நாட்டைவிட்டே தப்பிவிட்டார். குழாய் ரகசியத்தோடு அவர் சேர்ந்த இடம் ஜப்பானின் சுசுகி. மறு வருடமே 50 சிசி பிரிவில் சுசுகிக்காக உலக சாம்பியன்! பாவம், காடன். அதே சுசுகிதான் பிற்பாடு, 1987-இல், 500 சிசி டூ-ஸ்ட்ரோக் குவாட் ஒன்றைச் செய்தது. அதன் முரட்டுத்தனத்தைப் பார்த்து ‘குவாட்ஸில்லா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

எதிரொலி யாருக்காகவும் காத்திருக்காது என்றேனே? இங்கேதான் அது வேலையைக் காட்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் ஓட்டையை மூடுவதற்கு வெகுமுன்பே தள்ளும் அலை வந்துவிடும். உதவி வீண், வண்டி சோம்பும். சரியான வேகத்தை எட்டியதும் திடீரென்று சீறிப் பாயும். அந்தக் குறுகிய வேக எல்லைக்குப் ‘பவர் பேண்ட்’ என்று பெயர். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குக் குழாயின் தயவு இவ்வளவு தேவையில்லை. வால்வுகள் காவல் காப்பதால், மெதுவாகச் சுற்றும்போதும் நிதானமாக இழுக்கும்.

இப்போது தேர்ந்தெடுப்பது சுலபம். கலிஃபோர்னியாவில் கிளாமிஸ் என்ற இடத்தில் பெரிய மணல்மேடுகள் இருக்கின்றன. அங்கே வேகத்தைக் குறைத்தால் சக்கரம் புதையும், அதனால் எஞ்சினை உச்சத்திலேயே வைத்து ஓட்டுவார்கள். பான்ஷிக்குக் கொண்டாட்டம்! கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில், தவழ்ந்து ஏறும் இடத்தில், திடீர்ச் சீற்றம் ஆபத்து. அங்கே என் ஓட்டு ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கே. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை நன்றாக இழுத்துப் பிடிக்கும்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு நீண்ட இறக்கம் வேறு வகையிலும் ஆகாது. அந்தக் காலத்து டிவிஎஸ் 50 வைத்திருந்த தாத்தாவைக் கேளுங்கள், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றிய கதையைச் சொல்வார். பான்ஷிக்கும் அதே பழக்கம்தான். பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது என்றால், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் என்ன ஆகும்? ஆமாம், வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு ஆயிலும் குறைந்துவிடும்!

பழுது பார்ப்பதில் மட்டும் டூ-ஸ்ட்ரோக் கெட்டிக்காரன். பாகங்கள் குறைவு. பிஸ்டனையும் ரிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டும், ஆனால் வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றிவிடலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் அடிக்கடி கேட்காது. கேட்டால் பெரிதாகக் கேட்கும்.

ஆயிலும் எரிவதால் வரும் புகை, எரியாமல் தப்பும் பெட்ரோல் இரண்டும் காற்றைக் கெடுக்கின்றன. அமெரிக்க அரசின் புகைக் கட்டுப்பாடு 2006 மாடல் வண்டிகளிலிருந்து படிப்படியாக வந்தது. அந்த வருடத்தோடு பான்ஷி அங்கே நின்றுபோனது. இனி அது வேண்டுமென்றால் பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இவை பெரியவர்களின் வண்டிகள். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஓட்டக் கூடாது என்று நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

ஓட்டக் கூடாதே தவிர, யோசிக்கலாம்! பான்ஷி வைத்திருக்கும் ஒருவர், 9,000 சுற்றில் வரும் சீற்றம் 7,000 சுற்றிலேயே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். புதுக் குழாய் வாங்கப் போகிறார். இப்போதிருப்பதைவிட நீளமான குழாய் வாங்கட்டுமா, குட்டையானதா? பள்ளிச் சுவரைத் தள்ளி வைத்தால் எதிரொலிக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.