ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய்

2021 ஆகஸ்ட் 9-ஆம் தேதி தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை வெளியானது. மறுநாள் காலை, நான் வழக்கமாக டீ குடிக்கும் மதுரைக் கடையில் பேச்சே மாறிப்போயிருந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் வாங்கவே இல்லையேண்ணே. எவன் வாங்குனானோ அவன் கட்டட்டும்" என்றார். "ஒன் ரேஷன் கார்டை அடகு வச்சுட்டாய்ங்கடா" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். சிரிப்பு அடங்கிய பிறகும் வட்டி, வரி, பஸ் கட்டணம் என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கடையில் அதற்கு முன்பு நான் அப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை.

அறிக்கையை வெளியிட்டவர் எங்கள் ஊர்க்காரர்தான். அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், மதுரை மத்தியத் தொகுதியில் 2016-லும் 2021-லும் வென்றவர். தாத்தா பி.டி. ராஜன், நீதிக்கட்சிக் காலத்தில் 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். அப்பா பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் சட்டமன்ற சபாநாயகராக இருந்தவர். பேரன் பொறியியல் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி, வங்கித் தொழிலில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். குடும்பப் பெருமை கிடக்கட்டும். வரியையும் கணக்கையும் பற்றி வாய் திறந்து பேசிய சட்டமன்ற உறுப்பினர் என்பதால்தான் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் எம்.எல்.ஏ. என்றால் மனதில் என்ன வருகிறது? பஸ் நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை. அதன் நெற்றியில் 'சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி' என்ற எழுத்து, அதற்குக் கீழே மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு, அவர் பெயர். மழையில் தொகை அழிந்துபோயிருக்கும். பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கும். இந்த நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. அதே உறுப்பினர்கள் சபையில் கைதூக்கி நிறைவேற்றும் பட்ஜெட்டோ 3 லட்சம் கோடிக்கு மேல். அதாவது நூறு ரூபாயில் கால் ரூபாய்கூடத் தேறாத தொகைக்குத்தான் நாம் அவரிடம் கணக்குக் கேட்கிறோம். மிச்சத்துக்கு அவர் சபையில் என்ன சொன்னார் என்று கேட்பதே இல்லை. மானியக் கோரிக்கைகள் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன, நிறைவேறுகின்றன. அவ்வளவுதான் செய்தி.

வெள்ளை அறிக்கை அந்த மிச்சத்தைத்தான் தொட்டது. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நஷ்டம் என்றது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் 2.36 ரூபாய் நஷ்டம் என்றது. இதற்கு முன் இப்படியோர் அறிக்கை வந்தது 2001-இல். இடையில் இருபது ஆண்டுகள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று கடனைப் பிரித்துக் காட்டியதில் கொஞ்சம் நாடகம் உண்டு என்பேன். மாநிலக் கடனை மாநில உற்பத்தியோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் அது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் அந்தச் சதவீதத்தைச் சொல்லியிருந்தால் எங்கள் டீ மாஸ்டர் பேப்பரை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

வரியில் தியாகராஜன் பிடித்த பிடி டெல்லி மீது. பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அப்போது லிட்டருக்கு ஒன்றிய அரசு வசூலித்த வரி 32.90 ரூபாய். அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி வெறும் 1.40. மீதியெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் வந்தது. அதில் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை. பங்க்கில் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதைச் சொல்லிவிட்டு, அதே ஆகஸ்டில் போட்ட முதல் பட்ஜெட்டில் மாநில வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றும் சபையில் சொன்னார். சலுகையை அறிவிக்கும்போதே அதன் விலையையும் சேர்த்துச் சொல்வது நம் பட்ஜெட் மேடைகளில் அதிகம் காணாத பழக்கம். ஜி.எஸ்.டி. மன்றத்தில், ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழும் தமிழ்நாட்டுக்கும் சுமார் பதினைந்து லட்சம் பேர் வாழும் கோவாவுக்கும் ஒரே எடையுள்ள ஓட்டா என்று அவர் கிளப்பிய கேள்வி, கோவா அமைச்சரோடு வார்த்தைப் போராகப் போனது. சண்டை மறந்துவிட்டது, கேள்வி அப்படியே கிடக்கிறது.

எல்லாவற்றிலும் அவர் இருந்த அரசு இப்படி வெளிப்படையாக இருந்ததா என்றால், இல்லை. வீட்டு வரியைப் பாருங்கள். சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வரி திருத்தப்படாமல் கிடந்தது. 2018-இல் முந்தைய அரசு உயர்த்தியது; உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019-இல் நிறுத்தி வைத்தது. அடுத்த அரசு 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புறத் தேர்தலை முடித்துவிட்டு, ஆறே வாரத்தில் உயர்வை அறிவித்தது. மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம். உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது உண்மை. ஆனால் அந்த நிபந்தனை தேர்தலுக்கு முன்பும் இருந்ததே! வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்த எந்தக் கட்சி வேட்பாளரும் எங்கள் தெருவில் அதைச் சொல்லவில்லை. நிதியமைச்சரின் துறையில் அது வராது, சரி. அமைச்சரவையில் அவரும் இருந்தார்.

நிர்வாகத்தில் அவர் செய்தது சத்தமில்லாத வேலை. துறைகள் கருவூலத்துக்கு வெளியே வங்கிகளில் போட்டு வைத்திருந்த பணத்தைத் தேடிப் பிடித்ததில் சுமார் 2,000 கோடி கிடைத்தது. 62,000 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை ஏறத்தாழ 30,000 கோடிக்கு இறங்கியிருப்பதாக 2023 மார்ச் பட்ஜெட்டில் சொன்னார். பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கியதும் அதே பட்ஜெட்தான். வெள்ளை அறிக்கையே தேர்தல் வாக்குறுதியைத் தள்ளிப்போடும் சாக்கு என்று எதிர்க்கட்சி சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அந்த ஆயிரம் ரூபாய் கைக்கு வர 2023 செப்டம்பர் ஆனது. கடனும் வளர்ந்துகொண்டுதான் போனது. 2023 மே மாதம் நிதித்துறை அவரிடமிருந்து போய், தகவல் தொழில்நுட்பத் துறை வந்தது.

வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுகிறவர் என்று ஊரில் அவரைப் பற்றிக் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. குழைந்து பேசி, கணக்கைக் காட்டாத எம்.எல்.ஏ.க்களை நிறையப் பார்த்தாயிற்று.

உங்கள் தொகுதிக்காரர் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது நிழற்குடையைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே வீட்டு வரி, பஸ் கட்டணம் இரண்டிலும் அவர் நிலை என்னவென்று தேர்தலுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.