ஒத்தியங்காத் தரவுப் பெறுகை

ஒத்தியங்காத் தரவுப் பெறுகை என்பது, வலைப்பக்கத்தின் ஒரு பகுதி தனக்கு வேண்டிய தரவை வழங்கியிடம் கேட்டுவிட்டு, மறுமொழி வரும்வரை பிற பகுதிகளை முடக்காமல் இயங்கும் முறையாகும். ஆங்கிலத்தில் அசிங்க்ரனஸ் எனப்படுவதே தமிழில் ஒத்தியங்கா எனப்படுகிறது. கூறுகளால் அமைந்த பயனர் இடைமுகங்களில் தரவைக் கேட்பது எளிது. மறுமொழி வரும்வரை திரை எதைக் காட்ட வேண்டும் என்பதும், வந்த மறுமொழி அப்போதும் பொருந்துமா என்பதுமே இதிலுள்ள சிக்கல்கள்.

வரலாறு

1999 இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில், பக்கத்தை மீண்டும் ஏற்றாமலேயே வழங்கியுடன் தொடர்பு கொள்ளும் வசதி இடம்பெற்றது. 2005 இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு அஜாக்ஸ் எனப் பெயரிட்டார். 2013 இல் பேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் நிரலகத்தைத் திறமூலமாக வெளியிட்ட பின்னர், திரையைச் சிறு கூறுகளாகப் பகுத்து எழுதும் வழக்கம் பரவியது. ஒவ்வொரு கூறும் தனித்தனியே தரவைக் கேட்கத் தொடங்கியதால், எது முன்னர் வரும், எது பின்னர் வரும் என்பதைக் கணிப்பது கடினமாயிற்று.

போட்டி நிலை

எடுத்துக்காட்டாக, கொங்கு நாட்டு அணைகளின் நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு வலைப்பக்கத்தைக் கருதுவோம். பவானிசாகர் அணையின் முழு நீர்மட்டம் 105 அடி. அமராவதி அணையினுடையது 90 அடி. அணையைத் தேர்ந்தெடுக்க ஒரு கூறும், மட்டத்தைக் காட்ட மற்றொரு கூறும் உள்ளன.

பயனர் பவானிசாகரைத் தேர்ந்தெடுத்து, உடனே அமராவதிக்கு மாறுகிறார். இரண்டு வேண்டுகோள்களும் வழங்கிக்குச் சென்றுவிட்டன. அமராவதியின் 62 அடி முதலில் வந்து திரையில் எழுதப்படுகிறது. தாமதமாக வந்த பவானிசாகரின் 97 அடியை நிரல் அதன்மேல் எழுதிவிடுகிறது. இப்போது திரையில் பெயர் அமராவதி, எண் 97. 90 அடி அணையில் 97 அடி நீர் நிற்காது என்பதால் உடுமலைப்பேட்டைப் பகுதியினர் இப்பிழையை எளிதில் கண்டுகொள்வர். ஆனால் தாமதமாக வந்த எண் 84 ஆக இருந்தால் எவருக்கும் ஐயம் எழாது. அணை நிரம்பப் போகிறது என்றே ஆற்றங்கரையில் வசிப்போர் எண்ணுவர்.

இவ்வழு போட்டி நிலை எனப்படுகிறது. நிரலாளரின் கணினியிலேயே வழங்கியும் இயங்கும்போது மறுமொழிகள் பெரும்பாலும் கேட்ட வரிசையிலேயே வருவதால், சோதனையின்போது இது தென்படுவது அரிது.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. ஒன்று, தேர்வு மாறியவுடன் பழைய வேண்டுகோளைக் காலாவதியானதாகக் குறித்து வைத்து, அதன் மறுமொழி வந்தால் புறக்கணிப்பது. ரியாக்டில் விளைவுச் செயற்கூற்றின் துப்புரவுப் பகுதி இதற்கே பயன்படுகிறது. மற்றொன்று, அபார்ட்கன்ட்ரோலர் என்னும் உலாவி வசதியால் வேண்டுகோளையே கைவிடுவது. கைவிட்டாலும் வழங்கி தன் வேலையை முடித்திருக்கக்கூடும். ஆகவே பணம் செலுத்துதல் போன்ற செயல்களைத் திரும்பப் பெறும் வழியாக இதனைக் கருதலாகாது.

தரவின் நிலைகள்

தரவு வருவதற்கு முன் நீர்மட்டத்தின் தொடக்க மதிப்பை 0 என வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. மறுமொழி வரும்வரை திரையில் அணை வறண்டு கிடக்கும். இன்னும் தெரியாது என்பதும் சுழியம் என்பதும் வேறு வேறு. ஆகவே காத்திருப்பு, வெற்றி, பிழை ஆகிய மூன்று நிலைகளையும் நிரல் வேறுபடுத்திக் காட்ட வேண்டும்.

பிழை ஏற்படும்போது திரையை வெறுமையாக்குவதைவிட, முன்னர் பெற்ற மட்டத்தை அது பெறப்பட்ட நேரத்துடன் காட்டுவது பயனுள்ளது. பழையதைக் காட்டிக்கொண்டே புதியதைக் கேட்கும் இக்கொள்கை 2010 இல் வெளியான ஆர்எப்சி 5861 ஆவணத்தில் இடம்பெற்றது. எஸ்டபிள்யூஆர் நிரலகத்தின் பெயர் இதிலிருந்தே வந்தது. அதுவும் டான்ஸ்டாக் குவெரி என்னும் நிரலகமும் மறுமொழிகளைப் பொதுப் பதுக்ககத்தில் வைக்கின்றன. ஒரே அணையின் தரவை இரண்டு கூறுகள் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒரு வேண்டுகோளே அனுப்பப்படும். ஓரிரு கூறுகளே உள்ள பக்கத்திற்கு இவை மிகை. பல கூறுகள் ஒரே தரவைப் பகிரும் பக்கங்களில் இவ்வேலையைக் கையால் எழுதாதிருப்பதே நன்று.

தொடர் காத்திருப்பு

தாய்க்கூறு தன் தரவு வந்த பின்னரே சேய்க்கூற்றை வரைந்தால், சேயின் வேண்டுகோள் அதன் பின்னரே புறப்படும். ஒவ்வொன்றும் 300 மில்லி வினாடி எடுக்கும் மூன்று அடுக்குகளுக்கு 900 மில்லி வினாடி ஆகும். ஒன்றன் தரவு மற்றொன்றுக்குத் தேவைப்படாதபோது மூன்றையும் ஒருசேர அனுப்பினால் ஏறத்தாழ 300 மில்லி வினாடியில் முடியும்.