கல்லா மேல் ஒரு குரல்

செஞ்சி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் பணம் அனுப்பினால், கல்லா மேலிருக்கும் குட்டிப் பெட்டி "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று உரக்கச் சொல்கிறது. நம் போன்தான் பக்கத்திலிருக்கும் பெட்டியைப் பேசவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது.

ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தில் கடையின் யுபிஐ முகவரியும் பெயரும் இருக்கும். பெரும்பாலும் தொகை இருக்காது, அதை நாம்தான் தட்ட வேண்டும். இந்தக் கட்டம் 1994-ல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது. தகவலோடு பிழைதிருத்தும் குறியீடும் சேர்ந்திருப்பதால், அதிகபட்ச வகையில் 30 சதவீதம்வரை சிதைந்தாலும் படித்துவிடலாம். பஜ்ஜி எண்ணெய் பட்ட ஸ்டிக்கரும் வேலை செய்வது இதனால்தான்.

நாம் அழுத்தும் ரகசிய எண் குறியாக்கம் செய்யப்பட்டு, தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் யுபிஐ இணைப்பகம் வழியாக நம் வங்கிக்குப் போகிறது. 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ, 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களைக் கையாண்டது. நம் வங்கி அந்த ரகசிய எண்ணைச் சரிபார்த்துத் தொகையைக் கழிக்கும். கடைக்காரரின் வங்கி வரவு வைக்கும். வங்கிகள் தங்களுக்குள் உண்மையான பணத்தை ரிசர்வ் வங்கி வழியே பிறகு மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளும்.

வரவு உறுதியானதும் பெட்டி கொடுத்த நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் போகும். பெட்டிக்குள் தனி சிம், பேட்டரி, ஸ்பீக்கர் உண்டு. அந்த சிம் செல்போன் கோபுரம் வழியாக சர்வரோடு இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பல பெட்டிகளுக்கு வருவது குரலல்ல, தொகை மட்டுமே. முன்பே பதிந்துவைத்த ஒலித்துண்டுகளைக் கோத்துப் பெட்டி பேசும். சில தொகைகளைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் தட்டுத்தடுமாறுவதாகத் தோன்றுவதும் அந்த ஒட்டுவேலையால்தான்.

என் கணக்கில், இந்த ஏற்பாட்டில் கடைக்காரருக்கென்றே யோசித்துச் செய்த ஒரே பாகம் இந்தப் பெட்டிதான். டீ ஆற்றும் கைக்கு வாடிக்கையாளரின் திரையை எட்டிப்பார்க்க நேரமேது? திரையில் தெரியும் பச்சை டிக்கைப் போலிச் செயலியும் காட்டும், பழைய ஸ்கிரீன்ஷாட்டும் காட்டும். பெட்டியின் குரல் வாடிக்கையாளரின் போனிலிருந்து வராமல், வரவு விழுந்த பக்கத்திலிருந்து வருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கடையின் ஸ்டிக்கர் மேல் யாராவது தம் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாலும், காலையில் முதல் வியாபாரத்திலேயே பெட்டி வாய் திறக்காது, குட்டு உடைந்துவிடும். மாத வாடகை கேட்டாலும் பலர் பெட்டியைத் திருப்பித் தராதது இதற்காகத்தான்.

சிக்னல் மங்கினால் பணம் வந்தும் பெட்டி மௌனமாக இருக்கலாம். கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் கணக்கில் கழிந்தும் கடைக்கு வரவாகவில்லை என்றால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி ரூ.100 தர வேண்டும் என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.