அலுமினியத்தில் செந்துரு ஏறுமா? மாதிரி ராணுவ வாகனங்களில் தேய்ந்த உலோகத்தைத் தீட்டும் முறை

புணே: ராணுவ வாகனங்களின் சிறிய மாதிரிகளைச் செய்வோர் பலரும் வண்ணம் உரிந்து உலோகம் வெளித்தெரியும் இடங்களைத் தீட்டுவதில்தான் தடுமாறுகின்றனர். கைத்திறன் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. அங்கே இருப்பது எந்த உலோகம், எது உரசி அது தேய்ந்தது என்பதைக் கவனிக்கத் தவறுவதே முதல் பிழை.

புணேயின் விஷ்ராந்த்வாடியை ஒட்டிய ஆளந்தி சாலையில் உள்ள டிஆர்டிஓவின் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'சர்வத்ரா' பாலத்தையே எடுத்துக்கொள்ளலாம். லாரிகளில் மடித்துக் கொண்டு செல்லப்படும் இப்பாலத்தின் ஒவ்வொரு பகுதியும் 15 மீட்டர் நீளமுடையது. ஐந்தை இணைத்தால் 75 மீட்டர். லாரியின் சட்டகம் எஃகாலானது. பாலமோ அலுமினியக் கலப்புலோகத்தாலானது. லாரியின் கீறலில் செம்பழுப்புத் துரு படியலாம். டாங்கிகள் ஏறிச் சென்ற பாலத்தின் தடத்தில் அது படியாது. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காப்பதால், தேய்ந்த இடம் வெளிர்சாம்பலாகவே தெரியும். இரண்டிலும் ஒரே பழுப்பைப் பூசினால், எடை குறைந்த உலோகத்தில் பாலம் அமைத்த பொறியியலே மாதிரியில் மறைந்துவிடும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான டி-72 'அஜேயா' டாங்கி முற்றிலும் வேறு கதை. சங்கிலிப் பட்டையை இழுக்கும் பின்புறப் பற்சக்கரத்தின் பற்களும், தரையில் உரசும் பட்டை முகடுகளும் ஓயாமல் தேய்வதால் பளபளக்கும். பள்ளங்களில் துருவும் சேறும் தங்கும்.

வண்ணம் உரிந்த தோற்றத்துக்கு எளிய வழி உண்டு. முதலில் துரு நிறத்தையோ உலோக நிறத்தையோ பூசி நன்கு உலர விட வேண்டும். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைத் தெளித்து, காய்ந்ததும் அக்ரிலிக் பச்சையைப் பூச வேண்டும். பின்னர் நீர் தொட்ட விறைப்பான தூரிகையால் தேய்த்தால், அடியில் உள்ள ஸ்பிரே கரைந்து மேல்வண்ணம் செதில் செதிலாக உரியும். எனாமல் வண்ணத்தில் நீர் ஊடுருவாது என்பதால் இந்த முறை பலிக்காது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கடினம். 1:35 அளவு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, உண்மை வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர் காயம்.

உரசலின் பளபளப்புக்கு வெள்ளி வண்ணத்தைவிடப் பென்சில் கரித்தூளே இயல்பாக இருக்கும். மங்கல் வார்னிஷ் பூசிய பிறகே அதைத் தேய்க்க வேண்டும். முன்பே தேய்த்தால் வார்னிஷ் அந்த மினுமினுப்பை மூடிவிடும்.