சவரச் சவர்க்காரமும் சந்தன மணமும்

நேர்த்திக்கடனுக்காக முடியிறக்கிய குழந்தையின் தலையிற் சந்தனக் குழம்பைப் பூசுதல் மலையகத் தோட்டத்து மக்களிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கம். கத்தி பட்ட தோலுக்குச் சந்தனம் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. ஹற்றன் கடைவீதியிற் சந்தனப் பெயர் பொறித்த சவரக் கிறீமைத் தெரிந்தெடுப்பவனும் பெரும்பாலும் அவ்வெண்ணத்தோடேயே அதனை வாங்குகின்றான். ஆயின், கல்லில் அரைத்த சந்தனமும் குழாயில் அடைத்த சந்தனமும் ஒன்றேதானா என்பது ஆராயற்பாலது.

சந்தன மரத்தின் வெளிப்புற வெண்மரத்துக்கு மணமில்லை. மணமுடைய எண்ணெய் வைரத்திலும் வேரிலுமே தங்குகின்றது. அவ்வெண்ணெயின் பெரும்பகுதி சந்தலோல் எனப்படும் அற்ககோல் வகையைச் சார்ந்தது. குழம்பிலோ எண்ணெயோடு மரத்தூளும் நீரும் உள்ளன. பூசியவுடன் தோன்றும் தண்மை பெரிதும் அந்நீர் மெல்ல ஆவியாவதால் விளைவது. சவர்க்காரத்திற் கலக்கப்படுவது மணம் மட்டுமே. அதுவும் சிறிதளவே கலக்கப்பட்டுச் சில நிமிடங்களிற் கழுவப்படுகின்றது. எனவே குழம்பின் தண்மையை அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

எனினும் சவர்க்காரம் செய்வோர் சந்தன மணத்தை விரும்புதற்குத் தக்க காரணமுண்டு. சவரத்துக்குரிய சவர்க்காரம் ஸ்ரீயரிக் அமிலத்தைப் பொற்றாசியம், சோடியம் ஆகியவற்றின் காரங்களோடு சேர்த்து ஆக்கப்படுவது. பொற்றாசியச் சவர்க்காரம் மென்மையானது, விரைவில் நுரைப்பது. இக்காரச் சூழலிற் பல வாசனைகள் நிலைப்பதில்லை. பழமணந்தரும் எசுத்தர்கள் சிதைவுறும். வனிலின் சேர்ந்தாற் கட்டி பழுப்பேறும். சந்தலோலோ காரத்தைத் தாங்கும். அதன் மூலக்கூறு கனமானதாகலின் விரைந்து ஆவியாவதுமில்லை. எலுமிச்சை மணம் முதலிற் பறந்துபோகச் சந்தனம் முகத்திற் பின்தங்கி நிற்பது இதனாலேயே.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்குக் காலைக் குளிரிற் கட்டியை மோந்து பார்ப்பவனுக்கு மணம் மந்தமாகவே தோன்றும். வெந்நீரில் தூரிகையை நனைத்து நுரை எழுப்பியபின் அதுவே விரிந்து பரவும். பாறைகளினூடே ஓடிவரும் மலையருவி நீர் பொதுவாக மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலக் கிணற்று நீரோ வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடித் திரையாகப் படிய, நுரை குன்றும். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு மாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியர் ஒரே சவர்க்காரம் ஈரிடத்தும் வேறுபடுவதைக் கண்டு வியத்தல் கூடும். வேறுபாடு சவர்க்காரத்தினதன்று, நீரினது.

இனி, எண்ணெய் வந்த வழியை நோக்குவோம். மைசூர்ச் சந்தனக் கட்டைகள் முன்னர் எண்ணெய் வடித்தற்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. 1914இல் மூண்ட போர் அவ்வழியை அடைத்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விசுவேசுவரையா திவானாயிருந்த காலத்தில், 1916இற் பெங்களூரில் எண்ணெய் வடிக்கும் பணியும் 1918இற் சந்தனச் சவர்க்கார ஆக்கமும் தொடங்கின. விற்க வழியின்றிக் குவிந்த கட்டையே ஒரு கைத்தொழிலைத் தோற்றுவித்தது!

இன்று நிலை மாறிவிட்டது. மிகுதி போய் அருமை வந்துள்ளது. சந்தனம் பிற செடிகளின் வேரைப் பற்றி உணவில் ஒரு பகுதியை உறிஞ்சும் மரம். நாற்றுக்குத் துணையாகத் துவரையை நடுவதும் இதற்காகவே. வைரம் முற்றப் பல்லாண்டு செல்லும். களவாக வெட்டுவோரோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் இதனை அழிவுறு நிலைக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் வைத்தது. இலங்கையில் இம்மரம் இயற்கையாக வளரும் இடங்களுள் ஊவாப் பக்கத்து வெலிமடைப் பகுதி குறிப்பிடத்தக்கது.

ஆகவே மலிவான கிறீம்களில் உள்ளது பெரும்பாலும் செயற்கை மணம். பைன் மரத்துத் தேர்ப்பன்டைனிலிருந்து பெறும் பொருள்களைக் கொண்டு சந்தனத்தையொத்த மணங்களை இரசாயனவியலார் ஆக்குகின்றனர். இதனைக் குறையெனக் கொள்ளவேண்டியதில்லை, மரம் பிழைக்கின்றது. செயற்கையை இயற்கையென்று சொல்லி விற்பதே குறை. உறையிலுள்ள சேர்மானப் பட்டியலில் ‘சந்தாலம் அல்பம்’ என்னும் தாவரப் பெயர் காணப்படின் மர எண்ணெய் சேர்ந்துள்ளதெனக் கொள்ளலாம். ‘பர்பியூம்’ என்னும் சொல் மட்டுமிருப்பின் துணிந்து கூறுவதற்கில்லை. ஏனெனில் இயற்கை எண்ணெயையும் அச்சொல்லுள் அடக்குதல் வழக்கிலுண்டு. உறையின் முகப்பில் வரைந்துள்ள சந்தனக் கட்டையின் படமோ எதற்கும் சான்றாகாது.